செட்டிநாட்டுத் தாள்களைக் காக்கக் காரைக்குடியில் ஒரு பணிக்கூடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றியும் அவற்றைக் காக்க வேண்டியதன் தேவை பற்றியும் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதி வருவது எங்கள் பகுதி மக்களுக்கு ஊக்கம் அளிக்கிறது. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவர் என்று அவ்வீடுகளில் கண்ணில் படுபவை எல்லாம் பேசப்படுகின்றன. அவ்வீடுகளைக் கட்டிய பணம் எந்த ஊரிலிருந்து, யார் யார் கை வழியாக, என்ன வட்டிக்கு வந்தது என்பதைச் சொல்லும் தாள்களைப் பற்றி மட்டும் எவரும் பேசுவதில்லை. அவை பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மரப்பெட்டிகளிலும் ஊர்ச் சபைகளின் நூலக அலமாரிகளிலும் பொடிந்துகொண்டிருக்கின்றன. தாள் ஆவணங்களைச் செப்பனிட்டுக் காக்கும் பணிக்கூடம் ஒன்றை, பயிற்சி பெற்ற ஆட்களுடன், காரைக்குடியில் அரசு அமைக்க வேண்டும். அது அமையும் வரை எங்கள் பகுதி நூலகங்களில் பழைய தாள்களை லேமினேட் செய்வதையும், ஓரம் வெட்டி பைண்டு செய்வதையும் நிறுத்தி வைக்க வேண்டும். நூலகப் பணியிலேயே வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் இந்த இரண்டு வேண்டுகோள்களையும் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்கிறேன்.

எந்தத் தாள்கள் என்று கேட்பவர்களுக்காகச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் எனக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்ய, போன இடமெல்லாம் நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பெட்டியடி எனும் வட்டிக்கடை வைத்துத் தொழில் நடத்தினார்கள். ஒவ்வொரு கடையிலும் அன்றாட வரவு செலவுக்குக் குறிப்பேடு, ஆள்வாரியான கணக்குக்குப் பேரேடு, முடிவில் இருப்புநிலை காட்டும் ஐந்தொகை என்று வரிசை தவறாமல் எழுதப்பட்டது. கடையை நடத்தும் மேலாளாகப் போகிறவருக்கு மூன்று ஆண்டு தவணைக்குச் சம்பளச் சீட்டு எழுதினார்கள். முதலாளி ஊரிலிருந்து எழுதிய கடிதங்களும், கடையிலிருந்து வந்த கணக்கு நகல்களும், பணம் அனுப்ப எழுதிய உண்டியல் சீட்டுகளும், திருமண ஒப்பந்தமாக எழுதிய இசைகுடிமானங்களும், மொய் ஏடுகளும் துணியில் சுற்றிக் கட்டுக்கட்டாக வீட்டில் வைக்கப்பட்டன. ஒரு பேரேட்டைப் பிரித்துப் பார்த்தால் முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழி இருக்கும். முதற்கணக்கே சாமி பெயரில் தொடங்கும். தொகைகள் தமிழ் எண்களில், மாகாணி, அரைக்கால் எனப் பின்னக் கணக்கு வரை எழுதப்பட்டிருக்கும். அறப்பணிக்கான மகமைக்கு ஒதுக்கியது தனிப்பற்றாக நிற்கும். இந்தக் கணக்கு முறையைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் சிலர் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே அந்தத் தாள்களும் கையால் தொட்டுப் புரட்டும் நிலையில் இருக்க வேண்டும்.

இவை ஒரு சமூகத்தின் வீட்டுக் கணக்கு மட்டுமே என்று ஒதுக்குவது சரியாகாது. கீழ்ப் பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் நிறுவனங்கள் வசம் இருந்த விளைநிலம் 1930ஆம் ஆண்டில் சுமார் 6 விழுக்காடு. உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறியபின், 1938ஆம் ஆண்டில் அது சுமார் 25 விழுக்காடாகியது. அரசின் புள்ளிவிவரம் இந்த அளவோடு நின்றுவிடுகிறது. எந்த ஊரில் எந்த உழவர் எவ்வளவு வாங்கினார், எத்தனை தவணை கட்டினார், எந்த மாதத்தில் கட்ட முடியாமல் போனது என்பதைப் பேரேடுதான் சொல்லும். கொடுத்தவர், வாங்கியவர் இருவருக்கும் அதுவே சாட்சி. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது கடைகளைப் போட்டது போட்டபடி விட்டு ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்ப நேர்ந்ததால், இங்கே வீடுகளுக்கு முன்பே அனுப்பப்பட்டிருந்த நகல்களின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

கணக்குத் தாள்களோடு அச்சுத் தாள்களும் உள்ளன. காரைக்குடியிலிருந்து வெளிவந்த ‘ஊழியன்’, ‘குமரன்’, ரங்கூனிலிருந்து வந்த ‘தனவணிகன்’ போன்ற இதழ்களின் காலம் அது. மேலைச்சிவபுரி சன்மார்க்க சபை 1909இல் தோன்றியது. 1919இல் பாரதியார் வந்து பாடிய காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1917இல் தோன்றியது. நூல் சேர்ப்பதும், படிப்பதும், கேட்பதும் இந்த ஊர்களின் வழக்கமாகவே இருந்தன. கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியார் ‘குமரி மலர்’ இதழில் பழைய பத்திரிகைகளிலிருந்து எத்தனையோ கட்டுரைகளைத் தேடியெடுத்து மறுபடி அச்சிட்டதற்கு, அந்தப் பழைய பிரதிகள் எங்கேயோ ஓரிடத்தில் கெடாமல் இருந்ததுதான் காரணம். அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா அவர்கள் தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சேர்த்த நூல்களும் இதழ்களும், அவர் 1992இல் மறைந்தபின், 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் விலை கொடுத்து வாங்கியதனால் சிதறாமல் சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாக நிலைபெற்றன. அந்த நூலகம் செய்துவரும் பணிக்குத் தமிழுலகம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. ஆனால் கோட்டையூரில் ஒரு மனிதர் சேர்த்ததைக் காக்க அமெரிக்காவிலிருந்து ஒரு பல்கலைக்கழகம் வர வேண்டியிருந்தது என்பது எங்கள் பகுதியைச் சேர்ந்த எவருக்கும் உறுத்தலாகவே இருக்க வேண்டும்.

தாள் பழையதானால் மஞ்சளாகும், நொறுங்கும், அது இயற்கை என்று பலர் நினைக்கிறார்கள். நூலகங்களில் பணியாற்றுவோரிடமும் இந்த எண்ணம் இருப்பதால் இதைத் தெளிவுபடுத்துவது முக்கியம். கந்தல் துணியையும் சணலையும் ஊறவைத்துக் கூழாக்கிக் கையால் எடுத்த தாள், முந்நூறு ஆண்டு கடந்தும் வளைந்து கொடுக்கும். 1807இல் ஜெர்மனியைச் சேர்ந்த மோரிட்ஸ் இல்லிக் என்பவர், எழுதும் மை பரவாதிருக்கக் கூழில் மரப்பிசினும் படிகாரமும் சேர்க்கும் முறையை வெளியிட்டார். 1840களில் மரத்தையே அரைத்துக் கூழாக்கும் முறை வந்தது. தாள் மலிவானது, ஆயுள் குறைந்தது. படிகாரம் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்குகிறது. மரக்கூழிலுள்ள லிக்னின் என்னும் பொருள் வெளிச்சம் பட்டு மஞ்சளாகி மேலும் அமிலம் தருகிறது. தாளின் வலுவுக்குக் காரணமான செல்லுலோஸ் இழைகளை அந்த அமிலம் ஓயாமல் துண்டாக்குகிறது. வெப்பமும் ஈரமும் கூடக்கூட இந்த வேலை விரைவாகிறது. எங்கள் ஊர்க் கோடையும் ஐப்பசி, கார்த்திகை மழையும் மாறி மாறி அதற்குத் துணை நிற்கின்றன. ஆகவே, ஒரே பெட்டியில் 1830ஆம் ஆண்டின் கைத்தாள் பத்திரமும் 1930ஆம் ஆண்டின் இதழும் இருந்தால், முதலில் கவனிக்க வேண்டியது இதழைத்தான். பழமையை வைத்து முன்னுரிமை தரும் நம் வழக்கம் இந்த இடத்தில் பிழையாகப் போகிறது.

மேலை நாட்டு நூலகங்களில் ஆடு, கன்று ஆகியவற்றின் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, சட்டத்தில் இழுத்துக் கட்டி உலர்த்திச் செய்த பார்ச்மென்ட் ஆவணங்கள் உண்டு. 1215ஆம் ஆண்டின் மேக்னா கார்ட்டா அத்தகைய தோலில் எழுதப்பட்டு எண்ணூறு ஆண்டு தாண்டி நிற்கிறது. அது தாளைப் போல அமிலத்தால் எளிதில் மடியாது. ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அஞ்சும். ஈரம் ஏறினால் உப்பிச் சுருளும். சூடு பட்டால் சுருங்கி, பழைய அளவுக்குத் திரும்பாது. நம் பகுதியில் பார்ச்மென்ட் அரிது. ஆயினும் தோல் முதுகு வைத்துக் கட்டிய பேரேடுகளும் சட்ட நூல்களும் நிறைய உள்ளதால், தாளுக்குச் செய்யும் வைத்தியத்தைத் தோலுக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

தாளைவிட மோசமாக மை கெடுக்கும் இடங்களும் உண்டு. மாசிக்காய்ச் சாற்றோடு அன்னபேதி என்னும் இரும்பு உப்பைச் சேர்த்துச் செய்யும் இரும்பு மை, எழுதும்போது வெளிறி, பின்பு கறுத்துத் தாளில் ஆழப் பதியும். தண்ணீரில் கரையாது என்பதால் ஆவணங்களுக்கு அதை விரும்பினார்கள். அன்னபேதி அளவுக்கு மேல் சேர்ந்த மை ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளை அரிக்கிறது. முதலில் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிற வளையம் தோன்றும். அடுத்து எழுத்து பக்கத்தின் மறுபுறம் தெரியும். கடைசியில் பேனா அழுந்திய கோடுகள் உதிர்ந்து, எழுத்து இருந்த இடத்தில் எழுத்தின் வடிவிலேயே ஓட்டை நிற்கும். அப்படிப்பட்ட பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ‘ழ’வும் ‘ஞ’வும் சன்னல் போலத் தெரிகின்றன. இத்தகைய தாளை ஈரத்துணியால் துடைத்தாலே போதும், மையிலுள்ள இரும்பு சுற்றிலும் பரவி நல்ல இடத்தையும் அரிக்கத் தொடங்கும். இரும்பு அயனியைக் காட்டும் சோதனைத் தாளை வைத்துப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்ட வைத்தியத்தை முடிவு செய்ய வேண்டும். இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்களே ஆகும். அதைச் செய்யத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒருவர் இல்லாததால் என்ன நடக்கிறது? நல்ல எண்ணத்தோடு தாளுக்குக் கேடு செய்கிறோம். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு நூலகத்தில், 1930களின் இதழ்த் தொகுதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் பிரித்து அடையாள அட்டையைப் போலப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து வெப்பத்தில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். வெளியே பளபளப்பாக இருந்தது. உள்ளே தாள் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. அமிலம் உள்ளேயே அடைபட்டிருக்கிறது. பிளாஸ்டிக்கை உரித்தால் அச்சும் சேர்ந்து உரிகிறது. அமெரிக்காவில் 1930களில் வில்லியம் பாரோ என்பவர் ஆவணங்களைச் செல்லுலோஸ் அசிடேட் ஏட்டுக்குள் வைத்து வெப்பத்தில் அழுத்தும் முறையைக் கொண்டுவந்து, பல ஆவணக் காப்பகங்கள் அதைப் பின்பற்றின. பின்னாளில் அந்த ஏட்டைக் கரைத்து நீக்கும் வேலை அதே காப்பகங்களின் தலையில் விழுந்தது. அவர்கள் கைவிட்டதை நாம் இன்று புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. செய்ததை, தேவைப்பட்டால், தாளுக்குக் கேடில்லாமல் நீக்க முடிய வேண்டும் என்பது ஆவணப் பாதுகாப்பின் முதல் விதி. செல்லோடேப்பும் ஃபெவிகாலும் அந்த விதிக்குப் பொருந்தாதவை.

பைண்டிங் செய்வோரின் கைத்திறனில் எனக்கு மிகுந்த மதிப்புண்டு. ஆயினும் நூலகங்கள் அவர்களிடம் ஒப்படைக்கும் விதம் சரியில்லை. மூன்று பக்கமும் ஓரம் வெட்டிச் சமன் செய்யும்போது, பேரேட்டின் ஓரத்தில் கணக்குப்பிள்ளை எழுதிய குறிப்பு வெட்டுத் துண்டோடு போய்விடுகிறது. ஓரத் தையல் போட்ட புத்தகத்தை விரித்தால், நொறுங்கும் தாள் தையலின் கோட்டில் ஒடிகிறது. பூச்சி வராதிருக்கப் பசையில் மயில்துத்தம் கலக்கும் பழக்கம் வழிவழியாக உள்ளது. அதிலுள்ள தாமிரம் செல்லுலோஸ் சிதைவதைத் தூண்டும் என்பது இன்று நன்கு அறியப்பட்டது. ஜப்பானில் கோஸோ என்னும் மரத்தின் பட்டை நாரிலிருந்து எடுக்கும் மெல்லிய தாளையும், கோதுமை மாவிலிருந்து புரதத்தைக் கழுவி நீக்கிய ஸ்டார்ச்சில் காய்ச்சிய பசையையும் கொண்டு கிழிசலைச் சேர்த்தால், பல்லாண்டு கழித்தும் சிறிது ஈரத்தில் பிரித்துவிடலாம். இந்த வேலைக்குப் பொறுமையும் கைப்பழக்கமும் வேண்டும். அவை இரண்டும் நம் பைண்டர்களிடம் ஏற்கெனவே உள்ளன. அவர்களுக்குச் சில மாதப் பயிற்சியும் முறையான கூலியும் கொடுத்தால் போதும் என்பது என் உறுதியான கருத்து.

‘எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவிட்டால் போதாதா?’ என்ற கேள்வி எழும். ஸ்கேன் செய்வது மிகத் தேவையானது; தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தால் பயன்பெறும் ஆயிரக்கணக்கானோரில் நானும் ஒருவன். ஆனால் நொறுங்கும் தாளைச் செப்பனிடாமல் கருவியின் மேல் விரித்து அழுத்தினால், படம் மட்டும் மிஞ்சிப் புத்தகம் அங்கேயே உடைந்துவிடுகிறது. தாளின் நீர்க்குறி, மையின் தன்மை, பக்கத்தோடு பின்னால் தைக்கப்பட்ட துண்டுச் சீட்டு, இடையில் கிழித்தெடுத்த பக்கத்தின் அடித்துண்டு ஆகியவை கணக்கு உண்மையானதா, பின்னாளில் திருத்தப்பட்டதா என்று தீர்மானிக்க ஆய்வாளருக்குத் தேவைப்படுபவை. முதலில் செப்பனிட வேண்டும், பிறகு படம் எடுக்க வேண்டும், எடுத்தபின் மூலத்தையும் காக்க வேண்டும் என்ற வரிசை மாறக்கூடாது.

பணிக்கூடத்தைக் காரைக்குடியில் ஏன் கேட்கிறேன் என்பதற்கு வட்டாரப் பற்று மட்டும் காரணமன்று. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்ததால், 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே இருக்கிறது. உலோக அரிமானத்தைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் அறிவியலாளர்களுக்கு, இரும்பு மை தாளை அரிக்கும் சிக்கல் அந்நியமானதாக இராது. அருகிலேயே அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறது. வேதியியலும் அருங்காட்சியகமும் கைகோத்ததற்குத் தமிழ்நாட்டில் நல்ல முன்மாதிரியும் உண்டு: 1930களிலேயே சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் எஸ். பரமசிவன் அவர்கள் செப்புத் திருமேனிகளைப் பீடித்த அரிமானத்தை மின்வேதி முறையில் நீக்கிக் காட்டினார். திருமேனிகளுக்குக் கிடைத்த அந்தக் கவனம் தாளுக்கும் கிடைக்கட்டும்.

செலவும் அஞ்சத்தக்கதன்று. நல்ல வெளிச்சமுள்ள ஓர் அறை, பெரிய மேசைகள், தூய நீர், அமில அளவு பார்க்கும் கருவி, அமிலத்தை மட்டுப்படுத்தும் சுண்ணாம்பு அல்லது மக்னீசியக் கரைசல், மையொற்றுத் தாள், அழுத்தும் கருவி ஆகியவை போதும். இராமபாணப் பூச்சிக்கும் புத்தகத்தைத் துளைக்கும் வண்டுக்கும் நஞ்சு தெளிக்க வேண்டியதில்லை; கட்டுகளைப் பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் மூடி, சுழியத்துக்குக் கீழ் 20 பாகைக் குளிரில் ஓரிரு வாரம் வைத்தால் முட்டை உட்பட மடிந்துவிடும். ஐஸ்கிரீம் கடையில் இருக்கும் ஆழ்குளிர்ப் பெட்டியே இதற்குப் போதுமானது. தோல் கட்டுகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றின் தன்மை பார்த்து முடிவு செய்ய வேண்டும். விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக நூலகச் சட்டம் இயற்றியது, 1948இல், நம் மாநிலமே. சொத்து வரியோடு நாம் கட்டும் நூலக வரியில் ஒரு சிறு பங்கைப் பழைய நூல்களைக் காப்பதற்கென ஒதுக்கக் கேட்பது பொதுமக்களின் உரிமை.

வீடுகளில் இருப்பவற்றைப் பொறுத்தவரை ஒரு தயக்கம் உண்டு என்பதை நான் அறிவேன். பழைய கணக்கில் யார் யாருக்குக் கடன், எந்தப் பங்காளிக்கு எவ்வளவு பாகம் என்பதெல்லாம் இருக்கும்; அதை வெளியாருக்குக் காட்டினால் முடிந்துபோன வழக்கு மறுபடி கிளம்புமோ என்று குடும்பத்தார் அஞ்சுவது நியாயமே. இதற்கு வழி இருக்கிறது. மூலம் குடும்பத்துக்கே சொந்தம், செப்பனிட்டபின் திருப்பித் தரப்படும், நகலைக் குடும்பம் குறிப்பிடும் ஆண்டு வரை எவருக்கும் காட்டுவதில்லை என்று எழுத்தில் உறுதி கொடுத்தால், பெட்டிகளைத் திறக்கப் பலர் முன்வருவார்கள். உறுதியில்லாமல் வெறுமனே ‘கொடுங்கள்’ என்று கேட்பதால்தான் அந்தப் பெட்டிகள் பூட்டியே கிடந்து, வீடு கைமாறும் நாளில் பழைய பேப்பர் கடைக்கு எடை போடப்படுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தேக்குப் பெட்டியை விலை பேசுகிறவர்கள் அதன் உள்ளே இருந்த தாள்களைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. வரலாற்று மதிப்புடைய, 75 ஆண்டுக்குக் குறையாத பழமையுள்ள ஏடுகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருள்களே என்பதை விற்பவரும் வாங்குபவரும் தெரிந்துகொள்வது நல்லது.

பணிக்கூடம் அமையும் வரை வீட்டிலுள்ளவர்கள் அதிகம் ஒன்றும் செய்ய வேண்டாம். கட்டுகளைத் தரையிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். கஞ்சி போக அலசி உலர்த்திய காடாத் துணியில் சுற்றுங்கள். கட்டப்பட்டிருந்த வரிசையைக் கலைக்காதீர்கள், ஏனெனில் எந்தச் சீட்டு எந்தக் கணக்குக்கு உரியது என்பதை அந்த வரிசைதான் காட்டும். ஓலைச் சுவடிக்குத் தடவும் புல் தைலத்தைத் தாளில் தடவ வேண்டாம். கறை படியும், போகாது. வெயிலில் காயவைக்க வேண்டாம். மழையில் நனைந்துவிட்டால் இரண்டு நாளுக்குள் பூஞ்சை பிடிக்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பிரிக்க முயலாமல் நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர விடுங்கள்.

மாவட்ட நிர்வாகமும் பொது நூலகத் துறையும் வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகவே காரைக்குடி, தேவகோட்டை வட்டங்களிலுள்ள அரசு நூலகங்கள், சபை நூலகங்கள் ஆகியவற்றில் 1950க்கு முற்பட்ட நூல்கள், இதழ்கள், கையெழுத்து ஏடுகளின் நிலையைக் கணக்கெடுக்க ஆணையிட வேண்டும். லேமினேட் செய்வதை நிறுத்தச் சொல்லும் சுற்றறிக்கைக்குச் செலவே இல்லை. அதை இந்த வாரமே அனுப்பலாம். தங்கள் நாளிதழும் செய்தியாளர் ஒருவரை இந்த நூலகங்களுக்கு அனுப்பி, அலமாரிகளில் உள்ளதை நேரில் பார்த்து எழுதச் செய்ய வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
தேவகோட்டை